பூஜ்யம்னு பதில் சொல்லும் கோப்பு

இந்த எபிசோடில் ஒரு சின்ன மௌனத்தோட வரலாறு.

எக்ஸ்எம்எல் கோப்புக்குள்ளே ஒரு சொல்லைத் தேடுறீங்க. கோப்பைத் திறந்து பார்த்தா சொல் கண்ணுக்கு முன்னாடி இருக்கு. ஆனா க்வெரி ஓட்டினா பூஜ்யம். எரர் கிடையாது, எச்சரிக்கை கிடையாது. புரோகிராம் நின்னுபோனா நாலு பேரைக் கேட்போம். பூஜ்யம் வந்தா நம்பிடுவோம். "இந்த நூலில் இந்தச் சொல் வரவே இல்லை"ன்னு ஒரு ஆய்வு மாணவி எழுதி முடிச்சுடலாம். என் பயம் அங்கேதான்.

எக்ஸ்எம்எல் 1.0 வெளியானது 1998 பிப்ரவரியில். அப்போ டேக் என்பது வெறும் பெயர். புத்தகத்துக்கும் 'டைட்டில்', ஒரு ஆளின் பதவிக்கும் 'டைட்டில்'. இரண்டும் ஒரே கோப்பில் வந்தா? வகுப்பில் இரண்டு கார்த்திக் இருந்தா என்ன செய்வோம், இனிஷியல் போடுவோம். 1999 ஜனவரியில் வந்த நேம்ஸ்பேஸ் விதி அதைத்தான் செய்தது. கூடவே ஒரு வசதி: கோப்பின் தலையில் ஒருமுறை இனிஷியலை அறிவிச்சுட்டா, உள்ளே இருக்கிற எல்லா டேக்குக்கும் அது ஒட்டிக்கும். ஆனா பெயருக்குப் பக்கத்தில் தெரியாது.

அதே வருஷம் நவம்பர் 16 அன்று, கோப்புக்குள் தேடுவதற்கான எக்ஸ்பாத் 1.0 வந்தது. தொகுத்தவர்கள் ஜேம்ஸ் கிளார்க், ஸ்டீவ் டிரோஸ். அதன் விதிப்படி, இனிஷியல் இல்லாமல் ஒரு பெயரைக் கேட்டால், இனிஷியலே இல்லாத டேக்கைத்தான் அது தேடும். தலையில் அறிவிச்சதைக் கணக்கில் எடுக்காது. ஆட்ரிபியூட் பெயர்களுக்கும் இப்படித்தான் என்று விளக்கமும் அதிலேயே இருக்கு. ஒழுங்கான முடிவுதான். ஆனா அந்த ஒழுங்குக்கு இன்னிக்கு வரைக்கும் நாம வட்டி கட்டுறோம்.

இதோட தாக்கத்தைப் பார்க்கணும்னா டிஇஐ நல்ல இடம். பழைய நூல்களைக் கணினியில் குறியிட 1987இல் ஆரம்பிச்ச முயற்சி அது. 2002இல் வந்த அதன் பி4 வடிவத்தில் நேம்ஸ்பேஸ் இல்லை. 2007இல் வந்த பி5 வடிவத்தில் உண்டு. பத்தியைக் குறிக்கும் டேக் இரண்டிலும் 'பி' தான். பி4க்கு எழுதின க்வெரியை அப்படியே பி5 கோப்பில் ஓட்டினா, ஆயிரம் பத்தி இருந்தாலும் பூஜ்யம்.

தீர்வு சின்னது. க்வெரியில் ஏதோ ஒரு முன்னொட்டை வெச்சு, கோப்பில் உள்ள நேம்ஸ்பேஸ் முகவரியோட அதைச் சேர்த்துச் சொல்லணும். முன்னொட்டு எதுவா இருந்தாலும் சரி, முகவரி மட்டும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகணும். 'எச்டிடிபி'ன்னு இருக்கிறதை நல்லெண்ணத்தில் 'எச்டிடிபிஎஸ்' ஆக்கினா, மறுபடி பூஜ்யம்தான். அவசரத்துக்கு 'லோக்கல்-நேம்' என்ற ஃபங்ஷனும் இருக்கு. ஆனா அது இனிஷியலைப் பார்க்காம இரண்டு கார்த்திக்கையும் கூட்டிட்டு வந்துடும்.

சரி, டேக் கிடைச்சாச்சு. உள்ளே இருக்கிற சொல்? ஒரு பத்தியில் 'ராஜராஜன்' இருக்கு, அதில் முதல் 'ராஜ' மட்டும் சாய்வெழுத்து டேக்குக்குள்ளே. நமக்கு ஒரே சொல், எக்ஸ்பாத்துக்கு இரண்டு துண்டு. 'டெக்ஸ்ட்' என்று கேட்டு அதில் 'கன்டெய்ன்ஸ்' போட்டா, 1.0 பதிப்பு பத்தியின் நேரடித் துண்டுகளில் முதலாவதை மட்டும் பார்த்துட்டுப் பேசாம போயிடும். 2007 ஜனவரியில் வந்த 2.0 பதிப்பு, ஒன்றுக்கு மேல் துண்டு இருந்தா எரர் சொல்லும். பலருக்கு அது எரிச்சல். எனக்கு அந்தப் பதிப்பில் ரொம்பப் பிடிச்ச மாற்றமே அதுதான். டெக்ஸ்டுக்குப் பதிலா பத்தி முழுசையும் புள்ளி வெச்சுக் கேட்டா, துண்டுகள் ஒட்டிக்கும். நடுவில் வரி உடைஞ்சிருந்தா 'நார்மலைஸ்-ஸ்பேஸ்' வேணும்.

தமிழில் தேடுறவங்களுக்கு இன்னொரு படி இருக்கு. 'கொடி' என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே உருவம். யூனிகோடும் இரண்டும் சமம் என்கிறது. எக்ஸ்பாத் 1.0 குறியீடு குறியீடா ஒப்பிடும், அதனால் பொருந்தாது. 2.0இல் இதுக்காகவே 'நார்மலைஸ்-யூனிகோட்' சேர்த்தாங்க. ஆனா பிரவுசர்களில் இருக்கிறது இன்னும் 1.0 தான். அங்கே கோப்பையும் தேடும் சொல்லையும் நாமே ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரணும்.

அதுவும் 'ஔவை'க்கு உதவாது. நிறைய பேர் 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' தட்டிடுறாங்க. யூனிகோடுக்கு அது வேற சொல். இரண்டையும் தனித்தனியா தேடியே ஆகணும்.