கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் கவனத்திற்கு

கல்லூரிக்குப் போகும் வயது வந்ததும், "கண்ணாடி வேண்டாம், லென்ஸ் வாங்கித் தாருங்கள்" என்று பிள்ளைகள் கேட்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நிகாப் அணியும் பெண்களுக்கு இதில் கூடுதல் காரணமும் உண்டு. மூச்சுக்காற்று பட்டு மூக்குக்கண்ணாடி மங்கிப் போகும் தொல்லை லென்ஸில் இல்லை. நியாயமான ஆசைதான். ஆனால் லென்ஸ், உயிருள்ள கண்ணின் மேல் நேரடியாக உட்காரும் மருத்துவப் பொருள். செருப்பையோ கைக்கடிகாரத்தையோ போல அதைக் கையாளக் கூடாது.

இன்று நாம் அணியும் மிருதுவான லென்ஸுக்கு வழி காட்டியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்டர்லே. 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் உலோகத் துண்டுகளைப் பூட்டிச் செய்த இயந்திரத்தில், வீட்டிலேயே அவர் இதை வார்த்தெடுத்தார். தண்ணீரை உறிஞ்சி மிருதுவாகும் பிளாஸ்டிக் அது. நீரை உறிஞ்சும் இந்தக் குணம்தான் கண்ணுக்கு உறுத்தாமல் இருக்கச் செய்கிறது. நீரில் இருக்கும் கிருமி லென்ஸில் ஒட்டித் தங்குவதற்கும் இதே குணம் உதவுகிறது.

கருவிழியில் இரத்தக் குழாய்கள் கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்ஸிஜனில் பெரும்பகுதியை அது கண்ணீரின் வழியாகக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இமை மூடித் தூங்கும்போது இந்த வரத்து குறையும். லென்ஸும் போட்டுக்கொண்டு தூங்கினால் இன்னும் குறைந்து, கருவிழியின் மேல்தோல் பலவீனப்பட்டுக் கிருமி உள்ளே நுழைய வழி கிடைக்கிறது. லென்ஸுடன் தூங்குவது தொற்று அபாயத்தை 6 முதல் 8 மடங்கு வரை கூட்டுவதாக அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையம் (சிடிசி) எச்சரிக்கிறது. பகலில் போடும் குட்டித் தூக்கமும், பேருந்துப் பயணத்தில் அசந்து போவதும் இதில் சேர்த்திதான்.

தண்ணீரும் ஒளுவும்

நாம் அதிகம் வலியுறுத்த விரும்புவது தண்ணீரைப் பற்றித்தான். குழாய் நீர், கிணற்று நீர், பள்ளிவாசல் ஹவுள் நீர், நீச்சல் குளம் என எல்லாவற்றிலும் அகந்தமீபா என்ற ஒற்றைச் செல் உயிரி இருக்கக்கூடும். குடித்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. லென்ஸுக்கும் கருவிழிக்கும் இடையே மாட்டிக்கொண்டால் கடும் வலியுடன் கருவிழியை அரிக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் சொட்டு மருந்து விட வேண்டிவரும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போயிருக்கிறது.

எனவே லென்ஸைக் கழுவவோ ஊற வைக்கவோ எந்தத் தண்ணீரும் உதவாது. காய்ச்சி ஆறிய நீர், மினரல் வாட்டர், ஏன், நாம் கண்ணியப்படுத்தும் ஸம்ஸம் நீர் ஆனாலும் சரி, லென்ஸுக்கு உரியதல்ல. கண்ணில் ஸம்ஸம் தடவிக்கொள்ள விரும்புபவர்கள் லென்ஸைக் கழற்றிவிட்டுச் செய்யட்டும். அவசரத்துக்கு எச்சில் தொட்டு லென்ஸை நனைப்பவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் மோசம்.

அப்படியானால் தினமும் ஐந்து வேளை ஒளு? இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒளுவிலும் குளிப்பிலும் கண்ணின் உட்புறத்தைக் கழுவுவது கடமையில்லை. ஆகவே நகப்பூச்சைப் போல லென்ஸ் ஒளுவுக்குத் தடையாக ஆவதில்லை. அதற்காகக் கழற்றவும் தேவையில்லை. முகம் கழுவும்போது கண்களை இறுக்கமில்லாமல் மூடிக்கொண்டு, முகத்தைத் துடைத்த பிறகு திறந்தால் போதும். நீரைக் கண்ணுக்கு நேராக அடித்துக் கழுவும் பழக்கம் உள்ளவர்கள் அதை விட்டுவிட வேண்டும். குளிக்கும்போது மட்டும் கழற்றி வைப்பதே நல்லது. காலையில் ஃபஜ்ர் தொழுகையைக் கண்ணாடியுடன் முடித்து, குளித்துவிட்டு, வெளியே கிளம்பும் முன் லென்ஸ் அணிவது நடைமுறையில் சுலபம்.

கழுவுதல், வைத்தல்

வாசனை அதிகமில்லாத சோப்பால் கை கழுவி, நூல் உதிராத துணியில் ஈரம் போகத் துடைத்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும். எப்போதும் வலது கண்ணிலிருந்து தொடங்கினால் இரண்டும் மாறிப்போகாது. விரல் நுனியில் வைத்துப் பார்க்கும்போது கிண்ணம் போல நின்றால் சரியான பக்கம். விளிம்பு வெளியே விரிந்திருந்தால் திருப்ப வேண்டும்.

கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, லென்ஸுக்கான திரவம் விட்டு, விரலால் மெதுவாகத் தேய்த்து அலச வேண்டும். 'தேய்க்கத் தேவையில்லை' என்று புட்டியில் எழுதியிருந்தாலும் தேய்ப்பதே மேல் என்பது நம் கருத்து. டப்பியில் நேற்றைய திரவத்தின் மேலேயே கொஞ்சம் ஊற்றிச் சிக்கனம் பிடிப்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். பழையதன் கிருமிநாசினிச் சக்தி தீர்ந்திருக்கும். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுங்கள். காலையில் காலி டப்பியைத் திரவத்தாலேயே அலசித் துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பியை மாற்றுங்கள். சலைன் என்று விற்பது வெறும் உப்பு நீர். அது கிருமியைக் கொல்லாது.

மாத லென்ஸ் என்றால் பிரித்த நாளிலிருந்து ஒரு மாதம். "பத்து நாள்தானே போட்டேன்" என்ற கணக்கு செல்லாது. எப்போதாவது விசேஷங்களுக்கு மட்டும் அணிபவர்களுக்கு, ஒரு நாள் அணிந்து எறிந்துவிடும் லென்ஸே பொருத்தம்.

கல்யாண வீட்டு லென்ஸ்

நிக்காஹ், பெருநாள் என்றால் பச்சை, சாம்பல் நிற லென்ஸ்கள் ஃபேன்ஸி கடையிலிருந்தும் இணையத்திலிருந்தும் வந்துவிடுகின்றன. பவர் இல்லையே என்று பரிசோதனை இல்லாமல் வாங்குகிறார்கள். பவர் இல்லாவிட்டாலும் கருவிழியின் வளைவுக்கு அது பொருந்த வேண்டும். அமெரிக்காவில் 2005 முதல், அலங்கார லென்ஸுக்கும் மருத்துவச் சீட்டு கட்டாயம். அக்காவும் தங்கையும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது, கிருமியைக் கண்ணுக்குக் கண் கடத்துவதுதான்.

மணப்பெண்ணுக்கு முதலில் லென்ஸ், பிறகு ஒப்பனை. கழற்றும்போதும் முதலில் லென்ஸ், பிறகுதான் ஒப்பனை. சுருமாத் தூள் லென்ஸின் அடியில் போனால் கருவிழியைக் கீறிவிடும். லென்ஸ் அணியும் நாளில் சுருமா வேண்டாம்.

ரமலானில் லென்ஸ் அணிவதால் நோன்புக்கு ஒன்றும் ஆகாது. கண்ணில் சொட்டு மருந்து விடுவதும் நோன்பை முறிக்காது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின் நிலைப்பாடு. ஆனால் லென்ஸ் மேலேயே விடக்கூடிய சொட்டு எது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். உம்ரா செல்பவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். அங்குள்ள வறண்ட காற்றும் ஏசியும் லென்ஸைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

கண் சிவப்பு, வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பார்வை மங்கல், கருவிழியில் வெள்ளைப் புள்ளி: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். மருந்துக் கடையில் சொல்லிச் சொட்டு மருந்து வாங்கி விடுவதுதான் பல கண்களைக் கெடுக்கிறது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்து குணமானது போலத் தெரியும், உள்ளே புண் வளர்ந்துகொண்டிருக்கும். கழற்றிய லென்ஸையும் டப்பியையும் எறிந்துவிடாமல் மருத்துவரிடம் கொண்டு போங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடிக்க அவை உதவும்.