காலத்தின் தொடக்கம் – பழவேற்காட்டுக் கரையில் வழங்கிய விடைகள்

காலத்துக்கும் பேரண்டத்துக்கும் தொடக்கம் உண்டா என்பது சமயம், மெய்யியல், இயற்பியல் மூன்றும் சொந்தம் கொண்டாடும் கேள்வி. திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், திருப்பாலைவனம் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் வரையுள்ள சிறிய வட்டாரத்தில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல விடைகள் அருகருகே வழங்கி வந்துள்ளன. அவற்றை ‘அறிவியலா, நம்பிக்கையா’ என்று இரண்டு அணியாகப் பிரித்துவிட முடியாது. நம்பிக்கைகளுக்குள்ளேயே பெரிய வழக்கு உண்டு. அறிவியலும் ஒரே குரலில் பேசவில்லை.

வட்டாரம்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. தென்முனை தமிழ்நாட்டுக்கு உரியது. ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் மணல்தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ஏரிக்குச் செல்லும் வழியில் உள்ள திருப்பாலைவனத்தின் சிவாலயத்து லிங்கம், பாற்கடலைக் கடைந்து பெற்ற அமுதத்தால் ஆனது என்பது தலவரலாறு. இக்கதை உலகத் தோற்றத்தைச் சொல்வதில்லை. தேவரும் அசுரரும் மந்தர மலையும் அதில் ஏற்கெனவே இருக்கிறார்கள். புராணங்களில் எந்தத் தொடக்கமும் முதல் தொடக்கமாக இருப்பதில்லை. அதற்கு முன்னும் ஒரு கல்பம், அதாவது பிரமனின் ஒரு பகல், கழிந்திருக்கும்.

பழவேற்காட்டில் மகிமை மாதா கோயிலின் வரலாறு 1515-இலிருந்து சொல்லப்படுகிறது. பள்ளிவாசலில் தொழுகை நேரம் பார்க்க வைத்த நிழற்கடிகாரம் இருக்கிறது. மூன்று சமயத்தாரும் ஒரே ஏரியை நம்பி வாழும் ஊர் இது.

ரோகேரியுசும் பத்மநாபனும்

காலத்தின் தொடக்கம் பற்றிய கேள்வியின் வரலாற்றில் பழவேற்காட்டுக்குத் தனி இடம் உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது. அங்கு 1632 முதல் 1642 வரை போதகராக இருந்தவர் ஆபிரகாம் ரோகேரியுஸ். லைடனில் பயின்ற கால்வினிய மரபினர். பத்மநாபன் என்னும் பிராமணரிடம் அவர் இந்து சமயத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பத்மநாபனுக்கு டச்சு தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்நாளைய கடற்கரை வணிகத்தில் புழங்கிய போர்த்துகீசியம். பிரமன், யுகம், பிரளயம் எல்லாம் அந்த மொழியின் வழியாகத்தான் கைமாறின.

ரோகேரியுஸ் 1649-இல் இறந்தார். அவருடைய நூல் 1651-இல் லைடனில் வெளியானது. ‘மறைந்து கிடக்கும் புறச்சமயத்துக்குத் திறந்த கதவு’ என்பது அதன் பெயரின் பொருள். பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியப் பாடல்களை முதன்முதலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனதும் இந்நூலே. 1663-இல் ஜெர்மனிலும் 1670-இல் பிரெஞ்சிலும் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டது.

இந்நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்புதான், 1650-இல், அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் விவிலியத் தலைமுறைகளைக் கூட்டிக் கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-இல் படைக்கப்பட்டது என்று அறிவித்திருந்தார். நோவாவின் வெள்ளம் அவர் கணக்கில் கி.மு. 2350-ஐ ஒட்டி வருகிறது. இந்தியப் பஞ்சாங்கமோ கலியுகத்தை மட்டும் கி.மு. 3102-இல் தொடங்குகிறது, வெள்ளத்துக்கு எழுநூற்றைம்பது ஆண்டு முன்னதாக. கலிக்கு முந்திய மூன்று யுகங்களையும் சேர்த்தால் அஷரின் உலகம் ஒரு மூலையில் அடங்கிவிடும். பதினெட்டாம் நூற்றாண்டில் வால்டேர் போன்றோர் இந்தியத் தொன்மையைக் காட்டி விவிலியக் காலக்கணக்கைச் சாடினார்கள். (வால்டேர் பெரிதும் நம்பிய ‘எசூர்வேதம்’ பாதிரியார் வட்டாரத்தில் உருவான போலி நூல் என்பது பிறகு தெரிந்தது. எதிர்த்தரப்பு எழுதிய நூலையே தனக்குச் சான்றாக அவர் தூக்கிப் பிடித்திருந்தார்.)

யுகக் கணக்கின் இயல்பு

கலியுகம் 4,32,000 ஆண்டு. துவாபரம் அதன் இருமடங்கு, திரேதம் மும்மடங்கு, கிருதம் நான்மடங்கு. கூட்டினால் 43,20,000. இப்படி ஆயிரம் சதுர்யுகம் கொண்டது பிரமனின் ஒரு பகல், அதாவது 432 கோடி ஆண்டு. புவியின் வயதாக இன்று கதிரியக்கத் தனிமங்களைக் கொண்டு கணிக்கப்படுவது ஏறத்தாழ 454 கோடி. இவ்விரு எண்களையும் பக்கத்தில் வைத்து முன்னோர் அறிந்திருந்தனர் என்று மேடைகளில் பேசுவது வழக்கமாகிவிட்டது. இப்பேச்சில் சாரமில்லை. வானநூலார் கையில் 43,20,000 என்பது கோள்கள் எல்லாம் முழுச் சுற்றுகளை முடித்து ஒன்றுசேரும் காலமாக வகுத்துக்கொண்ட எண். கலியின் தொடக்கமும் கோள்கள் ஒரே இடத்தில் கூடியிருந்ததாகப் பின்னோக்கிக் கணித்த நாள்தான். கலி 3,600 ஆண்டு கழிந்தபோது தனக்கு வயது 23 என்று ஆரியபடர் குறிப்பதிலிருந்துதான் அவருடைய காலம் கி.பி. 499 என்று தெரிகிறது. கணக்குப் போட வசதியான தொடக்கப் புள்ளி என்ற அளவில் அது மிக நல்ல கருவி. பாறையின் வயதுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

பரிபாடலின் இரண்டாம் பாடலுக்கும் இதே கதி நேர்ந்திருக்கிறது. வானம், காற்று, தீ, நீர், நிலம் என உலகம் விரிவதை அப்பாடல் ஊழிகளாகச் சொல்கிறது. அவ்வூழிகளை அளக்க நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம் என்னும் பேரெண்களை எடுத்தாள்கிறது. திருமாலைப் போற்றும் அந்த அருமையான பாட்டைப் பெருவெடிப்புக்குச் சாட்சியாக இழுத்துவர வேண்டியதில்லை.

சைவ சித்தாந்தத்தின் வாதம்

தமிழ் மெய்யியலில் இக்கேள்வியை நேராக எடுத்து வாதித்தது சைவ சித்தாந்தம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் இயற்றிய சிவஞானபோதத்தின் முதல் சூத்திரமே இதைப் பற்றியதுதான். அவன், அவள், அது எனச் சுட்டப்படும் உலகம் பகுதிகளால் ஆனது. தோன்றி நின்று ஒடுங்குவது. ஆகவே அதைத் தோற்றுவிக்க ஒருவன் வேண்டும். ஒடுக்குபவன் எவனோ அவனே மீளத் தோற்றுவிப்பவன். உலகம் என்றும் இப்படியே இருந்தது என்ற உலகாயதரும் மீமாஞ்சகரும் இங்கே எதிர்த்தரப்பு. படைப்போனை ஏற்காத சமணரை அருள்நந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் தனியே மறுக்கிறார்.

ஆனால் இது இல்லாததிலிருந்து உண்டாக்கும் படைப்பன்று. குயவன், மண், திகிரி என்ற பழைய உவமைப்படி, இறைவன் நிமித்த காரணம், மாயை முதற்காரணம், சத்தி துணைக்காரணம். பதி (இறை), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றும் அநாதி. இதில் கூர்மையான இடம் காலத்தைப் பற்றியது. முப்பத்தாறு தத்துவங்களுள் காலமும் ஒன்று. அசுத்த மாயையிலிருந்து தோன்றும் சடப்பொருள். அப்படியானால் உலகம் ஒடுங்கிக் கிடந்தது எவ்வளவு காலம் என்று கேட்கவே முடியாது. அளக்கும் கோலும் அங்கே ஒடுங்கியிருக்கிறது. படைப்புக்கு முன் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்குப் புனித அகுஸ்தீன், காலமே படைப்போடு சேர்ந்து வந்தது என்று சொன்ன விடையும் இதற்கு நெருங்கியதே. ஆனால் அவருக்குப் படைப்பு ஒருமுறைதான் நிகழ்ந்தது. சித்தாந்திக்கு அது திரும்பத் திரும்ப வருகிறது. உலகம் தொடக்கம் உடையது என்று கலாம் எனப்படும் இஸ்லாமிய இறையியல் மரபில் கஸ்ஸாலி வாதித்ததும் உலகாயதருக்கு இணையான ஒரு தரப்பை, அதாவது அரிஸ்டாட்டில் வழிவந்த அறிஞரை, எதிர்த்துத்தான்.

குப்பங்களின் நாள்முறை

ஏரியில் காலம் வேறு வகையில் அளக்கப்படுகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகியவற்றின் மீனவர், முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டங்களில் சுத்துவலை கட்டுவதற்குப் ‘பாடு’ என்னும் முறை வைத்திருக்கிறார்கள். உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குச் சீட்டு குலுக்கி இடமும் நாளும் ஒதுக்கப்படும். முறை சுற்றிச் சுற்றி வரும். அமாவாசை, பௌர்ணமி ஏற்ற இறக்கத்தில் இறால் நடமாட்டம் மாறுவதால், எந்த நாள் யாருக்கு விழுகிறது என்பது வருமானத்தைத் தீர்மானிக்கிறது. மாதா கோயிலுக்குப் போகிறவரும் சிவன் கோயிலுக்குப் போகிறவரும் இந்தச் சுழற்சியில் ஒரே கணக்கில் வருகிறார்கள்.

அறிவியல்

பேரண்டம் விரிகிறது என்பதை 1927-இல் கோட்பாடாக வகுத்தவர் பெல்ஜியக் கத்தோலிக்கக் குரு ஜார்ஜ் லெமைத்தர். பன்னிரண்டாம் பயஸ் பாப்பரசர் 1951-இல் இதைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டிப் பேசியபோது, லெமைத்தருக்கு அது பிடிக்கவில்லை. தம் கோட்பாட்டுக்கும் சமயத்துக்கும் தொடர்பில்லை என்பதே அவர் நிலை. மறுபுறம் பிரெட் ஹாயிலும் அவர் மாணவர் ஜெயந்த் நார்லிக்கரும் தொடக்கமற்ற பேரண்டத்துக்காக வாதாடினர். 1965-இல் அறிவிக்கப்பட்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு அவர்கள் தரப்பைப் பலவீனமாக்கியது. முன்பு தொடக்கமின்மையைச் சொன்ன உலகாயதரைப் போலவே ஹாயிலும் இறைமறுப்பாளர். ஆனால் வழக்கைத் தீர்த்தது அவர் நம்பிக்கையின்மையோ லெமைத்தரின் குருத்துவமோ அல்ல, வானொலி அலைவாங்கியில் இரைச்சலாகப் பதிவான அந்தக் கதிர்வீச்சு.

பேரண்டம் சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிக வெப்பமாகவும் அடர்த்தியாகவும் இருந்தது என்பது இன்று உறுதி. அதுதான் தொடக்கமா என்பது வேறு கேள்வி. கொல்கத்தாவின் அமல் குமார் ராய்சௌதுரி 1955-இல் தந்த சமன்பாடு, பென்ரோசும் ஹாக்கிங்கும் நிறுவிய ஒருமைப்புள்ளித் தேற்றங்களுக்கு அடிப்படை. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டைப் பின்னோக்கி ஓட்டினால் காலம் ஓரிடத்தில் அறுந்துபோகிறது என்பது அவற்றின் முடிவு. கோட்பாடு அங்கே செல்லாது என்பதற்கான அறிகுறியாகவும் அதைப் படிக்கலாம்; பெரும்பாலான இயற்பியலாளர் அப்படித்தான் படிக்கிறார்கள். அபய் அஷ்டேகர் குழுவினரின் குவாண்டக் கணக்குகளில் அந்த இடத்தில் முந்தைய பேரண்டம் சுருங்கி மீண்டு எழுகிறது. காலத்துக்கு விளிம்பே இல்லை என்பது ஹார்ட்டில்–ஹாக்கிங் 1983-இல் முன்வைத்த மாதிரி. இவற்றுள் எதையும் இதுவரை நோக்கீடு தேர்ந்தெடுக்கவில்லை.

நோக்கீட்டுக் கருவிகளில் ஒன்று இந்த ஏரியின் மறுகரையிலிருந்தே புறப்பட்டது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட், ஏறத்தாழ 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்தின் புற ஊதா ஒளியைப் பதிவு செய்தது. புனேயின் ஐயூக்கா மையத்தினர் தலைமையிலான குழு அதை 2020-இல் வெளியிட்டது. ராக்கெட் ஏவும் நாள்களில் சுற்றுவட்ட மீனவருக்குக் கடலுக்குப் போகத் தடை விதிக்கப்படுகிறது.