எஸ்ரா (திரைப்படம்): பார்வையாளர் வரவேற்பு

எஸ்ரா 2017 பெப்ரவரி 10 அன்று வெளிவந்த மலையாளத் திகில் திரைப்படமாகும். ஜெய் கே இயக்கிய இப்படத்தில் பிருத்விராஜ், பிரியா ஆனந்த், டோவினோ தாமஸ் ஆகியோர் நடித்துள்ளனர். கொச்சியில் குடியேறும் தம்பதியர், பழம்பொருள் கடையில் வாங்கும் பெட்டியிலிருந்து வெளிப்படும் ஆவியால் துன்புறுவதே கதை.

யூத மரபில் 'திப்புக்' என்பது உயிருள்ளவரைப் பற்றிக்கொள்ளும் இறந்தவரின் ஆன்மாவாகும். 'ஒட்டிக்கொள்ளுதல்' எனப் பொருள்படும் எபிரேய வேர்ச்சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. ஆனால் ஆவி அடைபட்ட பெட்டி என்பது இம்மரபைச் சேர்ந்ததன்று. 2003 இல் ஈபே தளத்தில் பழைய மதுப்பேழை ஒன்றை ஏலத்தில் விட்ட அமெரிக்கர் ஒருவர் புனைந்த கதை அது. 2021 இல் அவரே அதை ஒப்புக்கொண்டார்.

இருப்பினும் கேரளத்தில் படம் வணிக வெற்றி பெற்றது. ஒளிப்பதிவும் பின்னணி இசையும் பாராட்டப்பட்டன. வழக்கமான பேய்ப்படச் சாயல் குறையாகச் சொல்லப்பட்டது. மட்டாஞ்சேரியில் 1568 இல் கட்டப்பட்ட பரதேசி யூதத் தொழுகைக்கூடம் இன்றும் உள்ளது. கொச்சி யூதர்களுள் பெரும்பாலோர் 1948 க்குப் பின் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். அவர்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் தெருக்களையும் அறிந்த கேரள மக்களுக்கு இக்கதைக்களம் அந்நியமானதன்று.

இதே இயக்குநர் இம்ரான் ஹாஷ்மியைக் கொண்டு இந்தியில் எடுத்த 'டிபுக்', 2021 அக்டோபர் 29 அன்று அமேசான் பிரைமில் நேரடியாக வெளியானது. களம் மொரிசியஸ் தீவுக்கு மாற்றப்பட்டிருந்தது. விமர்சகர்கள் பெரும்பாலும் குறைகூறினர். திரையரங்க இருளில் பலரோடு சேர்ந்து அஞ்சும் வாய்ப்பும் அதற்குக் கிட்டவில்லை.