ஆட்டமும் அலசலும்

மதுரைக்கு வடகிழக்கே மேலூர்ப் பக்கத்தில் இருக்கும் திருவாதவூரை மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அவர் தம் காலத்துப் பெண்களின் விளையாட்டுக்களைக் கூர்ந்து கவனித்தவர் என்பது பக்தியில் மறைந்துவிடுகிறது. அம்மானை, தெள்ளேணம், சாழல், பூவல்லி, உந்தி, தோணோக்கம், ஊசல்: திருவாசகத்தில் இத்தனை பதிகங்கள் விளையாட்டின் பெயரைத் தலைப்பில் சுமக்கின்றன. சிவன் மதுரையில் செய்ததையெல்லாம் 'விளையாடல்' என்று சொல்லிப் புராணம் பாடிய நாட்டில் இது ஆச்சரியமில்லை. ஆனால் ஊசலும் அம்மானையும் நமக்குப் பிடிபடுகிற அளவுக்குத் தெள்ளேணமும் தோணோக்கமும் பிடிபடுவதில்லை. பெயரைப் பிரித்துப் பொருள் சொல்கிறார்கள். கையைக் கொட்டினார்களா, பறையைக் கொட்டினார்களா என்று ஊகிக்கிறார்கள். பாட்டு நிற்கிறது, ஆட்டம் போய்விட்டது. யாரும் அலசிக் கெடுத்ததால் போகவில்லை. எப்படி ஆடினார்கள் என்று நாலு வரி எழுதி வைக்க ஆள் இல்லாததால் போயிற்று. தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று ஒரு புஸ்தகம் போட்டது 1954ல்தான்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. ஆட்டத்தின் நுட்பத்தைப் பிரித்துப் பார்த்தால் அதன் ருசி போய்விடும் என்ற புகார் இப்போது பலமாகக் கேட்கிறது. வீடியோ கேம்களில் எந்த ஆயுதம் எதிரியின் உயிரில் எத்தனை குறைக்கும் என்ற அட்டவணை, ஆடத் தொடங்குமுன்பே பையன்கள் கையில் இருக்கிறது. சதுரங்கத்தில் அடுத்த நல்ல நகர்வைச் செல்போனே சொல்லிவிடுகிறது. ஆனால் புகார் நமக்குப் பழையது. கவிதையை வாய்விட்டுச் சொல்லி உருகுவது டி.கே.சி.யின் வழி. 1959ல் 'எழுத்து' தொடங்கிய சி.சு. செல்லப்பா அலசல் விமர்சனம் என்று வரிவரியாகப் பிரிக்க உட்கார்ந்தார். அலசினால் ரஸனை செத்துப்போகும் என்ற பயம் அப்போதும் இருந்தது. அந்தச் செல்லப்பாதான் 'வாடிவாசல்' எழுதியவர். காளையின் சுபாவம், மாடு அணைகிறவன் நிற்கும் தூரம், திமிலில் கை விழ வேண்டிய க்ஷணம் எல்லாம் அதில் துல்லியமாக வருகின்றன. ஜல்லிக்கட்டைப் பார்த்திராத வாசகனுக்கும் மூச்சு அடைப்பது அந்தத் துல்லியத்தால்தான். நுட்பம் தெரிந்தவனுக்குத்தான் அங்கே பயமும் தெரிகிறது.

பல்லாங்குழிக்கு வருவோம். குழிகள் 14, ஆளுக்கு 7. புளியங்கொட்டையோ சோழியோ, எதுவானாலும் அது முத்து. எந்தக் குழியில் எடுத்தால் கடைசி முத்து எங்கே போய் விழும், எந்தக் குழியில் நாலு சேர்ந்து பசுவாகும் என்பதைத் தொடாமல் கண்ணாலேயே எண்ணிவிடுகிறவள் ஜெயிப்பாள். அலசல் இல்லாமல் இந்த ஆட்டமே இல்லை. அது ஆடுகிறவளின் கண்ணிலேயே நடந்தது.

ஒருத்தி தனியே ஆடுவதற்குச் சீதைப் பாண்டி என்று பேர். அசோகவனத்தில் சீதை ஆடியது என்பது வழக்கு. அந்தத் தனிமைக்கு ஏற்ற அடுக்கு ஒன்று உண்டு. அடுத்தடுத்த ஏழு குழிகளில் 7, 6, 5, 4, 3, 2, 1 என்று முத்து வையுங்கள். மற்ற ஏழும் காலி. ஏழு உள்ள குழியை அள்ளி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போங்கள். ஆறு ஏழாகும், ஐந்து ஆறாகும், கடைசி முத்து காலிக் குழியில் ஒன்றாக விழும். மறுபடியும் 7, 6, 5, 4, 3, 2, 1. ஒரு குழி மட்டும் தள்ளியிருக்கிறது. பதினாலு முறை அள்ளினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். கணிதக்காரர்கள் இதற்கு அணிவகுத்து நடக்கும் கூட்டம் என்ற பொருளில் பெயர் வைத்திருக்கிறார்கள். விடை முழுக்கத் தெரிந்த ஆட்டம் இது. தோற்கவும் முடியாது, ஜெயிக்கவும் முடியாது. ஆனாலும் கை விடுவதில்லை. நான் ஒரு மத்தியானம் முழுக்க அள்ளியிருக்கிறேன்.

பல்லாங்குழியின் ஆப்பிரிக்க உறவு அவாரி: 12 குழி, 48 விதை. 2002ல் ஆம்ஸ்டர்டாமில் ஜான் ரோமைன், ஹென்றி பால் என்ற இருவர் 144 கணினிச் செயலிகளைப் பூட்டி, அதில் வரக்கூடிய சுமார் 88,900 கோடி நிலைகளையும் கணக்கிட்டு முடித்தார்கள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன். அவ்வளவுதான் விடை. 88,900 கோடியை எந்தப் பாட்டியும் மனசில் வைத்துக்கொண்டு குழிமுன் உட்காரப் போவதில்லை. அதனால் அவாரிக்கு இதனால் பெரிய நஷ்டம் என்று சொல்வதற்கில்லை. நம் வீடுகளில் பல்லாங்குழி பரணுக்குப் போனது எந்தக் கணினியாலும் அல்ல.

சதுரங்கத்தின் கதை வேறு. அங்கே விடை ஆடுகிறவனின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. 2019ல் பன்னிரண்டு வயதில் கிராண்ட்மாஸ்டரான சென்னைப் பையன் குகேஷை, அதுவரை கணினி என்ஜின் பக்கம் விடாமலேயே பழக்கியதாக அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா சொல்லியிருக்கிறார். இதை நான் பழமைவாதமாக நினைக்கவில்லை. அலசலைத் தடுத்த காரியமல்ல அது. அலசலைப் பையனிடமே விட்டுவைத்த காரியம்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகப் பட்டத்துக்கான பதினாலாவது ஆட்டம், ஸ்கோர் சமம். 55ஆவது நகர்வில் டிங் லிரென் தன் யானையை எப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார். திரையின் ஓரத்தில் என்ஜின் காட்டும் பட்டை சரிந்தது. குதிரை எப்படிப் போகும் என்று தெரியாதவனுக்கும் டிங் தோற்றுவிட்டார் என்று தெரிந்துபோயிற்று. குகேஷுக்குத் தெரியவில்லை. யானையை பி3க்கு நகர்த்தவே இருந்ததாகப் பிறகு அவரே சொன்னார். அப்புறம்தான் மூலையில் டிங்கின் பிஷப் மாட்டிக்கொள்ளப் போவது அவர் கண்ணில் பட்டது. அவர் முகம் மாறுவதைப் பார்த்தோம். பார்த்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்கும் அதற்குள் அது பழைய சேதி.