அனுமனாசனமும் ஒரு செங்கல்லும்

மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் 1933-இல் தொடங்கிய யோகசாலையை நாம் பெரும்பாலும் ஒரு மறுமலர்ச்சியின் தொட்டிலாகவே நினைவுகூர்கிறோம். அங்கே ஒரு பையனின் தொடைத்தசை கிழிந்ததையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

பையன் பி.கே.எஸ். ஐயங்கார். 1918-இல், விஷக்காய்ச்சல் ஊரையே வாட்டிக்கொண்டிருந்த நாள்களில், பெல்லூரில் பிறந்தவர். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று ஒவ்வொன்றாய் வந்து உடம்பை உலர்த்திவிட்டிருந்தன. அக்காளின் கணவரான கிருஷ்ணமாச்சாரியாரிடம் வந்துசேர்ந்தபோது, குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டாது. சென்னையிலிருந்து வந்த ஒரு நீதிபதியின் முன் அனுமனாசனம் செய்யும்படி குரு ஆணையிட்டார். இரு கால்களும் முன்னும் பின்னுமாகத் தரையோடு தரையாகப் படியவேண்டிய ஆசனம் அது. தையற்காரர் இறுக்கித் தைத்த கால்சட்டை தடுக்கிறதென்று பையன் தப்பிக்கப் பார்த்தான், கத்தரிக்கோல் வரவழைக்கப்பட்டது. ஆசனம் நிறைவேறியது. தசை கிழிந்தது. நெடுநாள் நடக்கவே துன்பப்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

திடீரென இழுக்கப்படும் தசை தன்னைக் காத்துக்கொள்ளச் சுருங்கும். அது நரம்பின் அனிச்சைச் செயல். மெல்ல நீட்டி, தாங்கலோடு சற்றே நிறுத்தினால் அந்த எதிர்ப்பு தணிகிறது. உடலியல் நூல்களில் இது இரண்டு வரிச் செய்தி. ஐயங்கார் அதைத் தம் தொடையில் கற்றார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

1937-இல் அவர் புனே போனார். மராத்தி தெரியாது, மாணவர்களோ அவரைவிட உடல்தேர்ச்சி மிக்க இளைஞர்கள். அங்கேதான், ஆண்டுகள் செல்லச் செல்ல, சாலையோரக் கற்களும் செங்கற்களும் கயிறும் வகுப்புக்குள் வந்தன. கை தரையை எட்டாதவருக்குத் தரையைக் கைக்கு உயர்த்திக் கொடுப்பது செங்கல்லின் வேலை. கேட்க எளிது. ஆனால் உடல் வடிவத்துக்குப் பணியவேண்டும் என்ற பழைய ஆணை இதில் தலைகீழாகிவிடுவதைக் கவனியுங்கள். செங்கல் மரக்கட்டையாயிற்று; பட்டைவார், திண்டு, மடக்கு நாற்காலி, மடித்த கம்பளி என்று குடும்பம் பெருகியது. 1952-இல் அவரைச் சந்தித்த வயலின் மேதை யெஹூதி மெனுஹின் வழியாக மேற்குலகம் அவரை அறிந்தது. 1966-இல் 'லைட் ஆன் யோகா' வெளிவந்தது.

(குருவும் அப்படியே இருந்துவிடவில்லை. பிற்காலத்தில் சென்னையில் குடியேறிய கிருஷ்ணமாச்சாரியார், ஆளுக்கேற்ப ஆசனத்தை வகுப்பவராக அறியப்பட்டார். மகன் தேசிகாச்சார் 1976-இல் நிறுவிய மந்திரம் அந்த வழியில் நடந்தது. மைசூர்ப் பையனுக்கு அந்தக் கனிவு கிடைக்கவில்லை.)

ஆனாலும் ஐயங்கார் மென்மையானவர் என்று எண்ணிவிடக்கூடாது. மாணவர்களை அதட்டினார், தட்டினார்; குருவின் கைச்சூடு அவரிடமும் மிச்சமிருந்தது. அதை மறைத்து வரலாறு எழுதுவதில் பயனில்லை.

1979-இல் ஸ்கூட்டர் விபத்து. தோளும் முதுகும் முழங்காலும் அடிபட்டன. வயது அறுபது. எளிய ஆசனங்களும் கைவிட்டுப் போயின. முதல்நாள் மாணவனைப்போல் மீண்டும் தொடங்கினார். பிறருக்கென்று தாம் செய்துவைத்திருந்த கட்டைகளிலும் நாற்காலிகளிலும் தாமே போய்ச் சாய்ந்தார்.