சிவப்பு விளக்கும் பச்சை அம்பும்: ஒரு குறியின் வரலாறு

சாலைக் குறிகள் நாடுதோறும் ஒருபடித்தாக அமைய வேண்டும் என்ற நோக்கில் 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை உருவாயிற்று. எனினும் ஜெர்மானியச் சாலைச் சந்திப்பொன்றில் அயல்நாட்டு ஓட்டுநர் திகைத்து நிற்பதுண்டு. சிவப்பு விளக்கு எரிகிறது. அதன் வலப்பக்கம், கறுப்புத் தகட்டில், ஒளிராத பச்சை அம்பு ஒன்று. நிற்பதா, செல்வதா?

இரண்டுமே விடை. முழுமையாக நின்று, பாதசாரிகளுக்கும் குறுக்கே வரும் வாகனங்களுக்கும் வழிவிட்டபின் வலப்புறம் திரும்பலாம். திரும்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. அதே அம்பு விளக்காக ஒளிர்ந்தால் நிற்கத் தேவையில்லை.

இத்தகடு 1978இல் கிழக்கு ஜெர்மனியில் அறிமுகமானது. 1990இல் இரு நாடுகளும் இணைந்தபோது பெரும்பாலும் மேற்கின் சட்டங்களே கிழக்கிலும் நடைமுறைக்கு வந்தன. பச்சை அம்போ கிழக்கில் தற்காலிக விதிவிலக்காக நீடித்தது. 1994இல் நாடு முழுமைக்குமான விதியாயிற்று. 2020இல் மிதிவண்டிகளுக்கென்றே தனி அம்பும் சேர்ந்தது.

ஒரு குறியின் பொருள் அதன் வடிவத்துக்குள் அடங்கிவிடுவதில்லை என்பது மொழியியலின் பாலபாடம். மேற்கு ஜெர்மனியாக இருந்த நகரங்களிலும் இன்று சிவப்பில் வலம் திரும்புவோர், மறைந்துபோன ஒரு நாடு விட்டுச்சென்ற குறியையே வாசிக்கின்றனர்.