ஏழு சுற்று, ஒரு குட்டி வட்டம்

மரியோ கார்ட் விளையாடின ஆக்களுக்கு 'பேபி பார்க்' எண்டாலே சிரிப்பு வரும். 2003இல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த 'டபுள் டேஷ்' விளையாட்டில் உள்ள ஓட்டத்தடம் அது. இரண்டு நேர்கோடு, இரண்டு வளைவு, அவ்வளவுதான். மற்றத் தடங்களில் பெரும்பாலும் மூன்று சுற்று. இதில் ஏழு. எட்டு வண்டியும் அந்த வட்டத்துக்குள்ள நெருக்குப்படும். முதலாவதா ஓடுறவர் கடைசி ஆளின் முதுகில போய் முட்டுவார். நடுத்திட்டுக்கு அங்கால எறிஞ்ச ஆமையோடு இங்கால வந்து விழும்.

இந்தச் சின்னத் தடத்துக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. 1990இல் வந்த 'எஃப்-ஸீரோ' ஒராள் மட்டும் ஓடுற வேக விளையாட்டு. அதில் நீளமான பாதைகள். அதையே திரையை இரண்டாப் பிரிச்சு இரண்டு பேருக்குக் குடுக்கலாமா எண்டு நின்டெண்டோக்காரர் முயன்றார்கள். அந்த நீளத்தையும் வேகத்தையும் அப்போதைய இயந்திரம் தாங்கவில்லை. அதனால் தடத்தைச் சுருக்கினார்கள், வளைத்தார்கள். அதுக்குப் பொருத்தமா 'கார்ட்' எண்ட குட்டி வண்டியும் வந்தது. 1992இல் 'சூப்பர் மரியோ கார்ட்' பிறந்தது இப்படித்தான். இரண்டு பேர் பக்கத்தில இருந்து விளையாடத்தான் தடம் சின்னதானது.

நிஜ ஓட்டத்தடங்களும் கிடைச்ச இடத்தில வந்தவைதான். இரண்டாம் உலகப் போர் முடிய, விமானத் தளங்கள் சும்மா கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் 1948இல் கிராண்ட் பிரி நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும், எங்கட நாட்டில் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையிலும் பழைய ஓடுபாதைகளில் கார்கள் பாய்ந்தன.

சீனன்குடா விமானத் தளமும் அதே போரின் சாட்சி. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்கள் இங்க குண்டு போட்டன. 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனார்கள். இண்டைக்கும் அது விமானப்படையிடம் இருக்கு. ஊருக்குள்ள இருக்கிற பெரிய ஓடுபாதை, எங்களுக்கு வேலிக்கு அங்கால.

அதனால்தான் பேபி பார்க் எங்களுக்கு வெறும் பகிடி இல்லை. அதுக்குப் பெரிய நிலம் தேவையில்லை. ஒரு தொலைக்காட்சியும் நாலு பேரும் போதும். நீளமான தடத்தில் பின்தங்கின ஆள் தனிச்சுப் போவார். இங்க கடைசி ஆளும் கூட்டத்துக்கு நடுவிலதான் ஓடுவார், எறியிற ஒரு ஓட்டில முதலாமவரையே கவிழ்க்கலாம்.

அடுத்தமுறை வீட்டில சின்னத் தம்பி தங்கச்சி "நானும் வாறன்" எண்டு கேட்டால், இந்தத் தடத்தையே தெரிவு செய்யுங்கோ.